வியன்னாவில் கழற்றிய செருப்பு

மதிப்பிற்குரிய சகோதரி திருமதி அமிர்தவல்லி அவர்களுக்கு,

கோவில்பட்டி வி. சண்முகத்தாய் வணக்கத்துடன் எழுதுவது. தாராபுரத்திலிருந்து தாங்கள் சித்திரைத் தொடக்கத்தில் அனுப்பிய கடிதம் உரிய காலத்தில் என் கைக்கு வந்து சேர்ந்தது. ஆனி பிறந்த பிறகே இப்பதில் எழுதப்படுகிறது. தாமதத்திற்கு நானே பொறுப்பு. அஞ்சல் துறையின் மீது பழி சுமத்த விரும்பவில்லை. பொறுத்தருள வேண்டுகிறேன்.

தங்கள் மகன் திருவளர்செல்வன் பூபதியும் என் மருமகள் சுபாஷினியும் மணம் செய்துகொள்ள விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். என் மகன் கதிரேசன் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்பதைத் தாங்களே குறிப்பிட்டு, இத்திருமணத்தில் எனக்கு மறுப்பு ஏதும் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். தாய் தந்தை இல்லாத பெண்ணை எந்த வீட்டு வாசலில் வந்து கேட்பது என்றும் வினவியிருந்தீர்கள்.

முதல் கேள்வியைவிட இரண்டாம் கேள்விதான் என்னை மிகவும் வருத்தியது. அக்கடிதத்தை யாரிடமும் காட்டாமல் பெட்டியின் அடியில் வைத்து ஐரோப்பா வரை கொண்டு சென்று திரும்பினேன். அந்நாட்களில் எழுதிய நாட்குறிப்பிலிருந்து தேவையான பக்கங்களை இங்கே படியெடுத்துத் தருகிறேன். தங்கள் மகனைப் பற்றித் தொடக்கத்தில் நான் எழுதியவற்றில் நியாயம் குறைவு. எனினும் திருத்தவில்லை. எழுதியதை அழிப்பது என் வழக்கமன்று.

மே 10, சனிக்கிழமை. பாசாவ்

மூன்று ஆறுகள் கூடும் இந்த ஊரில் இன்று கப்பலேறினோம். டான்யூப் நதியில் பயணம். கப்பல் என்று நான் எழுதினாலும், கடற்கப்பலின் உயரம் இதற்கு இல்லை. நீண்டு, தட்டையாக, ஒரு தெருவை அப்படியே தண்ணீரில் மிதக்க விட்டாற்போல இருக்கிறது. எங்கள் அறை எண் 214. சன்னலைத் திறந்தால் நதி கைக்கெட்டும் தூரத்தில் ஓடுகிறது.

சுபா மியூனிக் நகரில் வேலை பார்க்கிறாள். கோடைக்கு வாருங்கள் என்று அழைத்துச் சீட்டும் அனுப்பியவள் அவள்தான். வந்தபின்தான் இந்தக் கப்பல் ஏற்பாட்டையும் சொன்னாள்.

"எதுக்கு தாயி இந்த ஆடம்பரம்?" என்றேன்.

"வருசம் பூரா லைப்ரரி புஸ்தகத்துலயே ஊரப் பாக்குறீங்க. ஒரு தடவ நேர்ல பாத்துத் தப்புக் கண்டுபிடிங்க அத்தை" என்றாள்.

எட்டாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. நான் கல்வியைக் கைவிடவில்லை. தனித் தேர்வராகப் பத்தாம் வகுப்பில் தேறி, வானொலியைக் கேட்டு ஆங்கிலம் பழகி, எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னிடமே வருமளவுக்கு வளர்ந்தவள் நான். ஆகவே கப்பலின் பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்தேன்.

அறைக்குள் நுழையும்போது வழக்கப்படி செருப்பை வாசலில் கழற்றி வைத்தேன். சிறிது நேரத்தில் அறையைப் பராமரிக்கும் ஹங்கேரியப் பெண் இல்டிகோ அவற்றை உள்ளே கொண்டுவந்து வைத்தாள். அவள் சென்றதும் நான் மீண்டும் வெளியே வைத்தேன்.

சுபாவின் சாவிக்கொத்தில் கோவில்பட்டி வீட்டுச் சாவி இன்னும் தொங்குகிறது. மேசைமேல் கிடந்ததால் கண்ணில் பட்டது. தேடிப் பார்க்கவில்லை.

மே 11, ஞாயிற்றுக்கிழமை

செருப்பை இல்டிகோ இன்று இருமுறை உள்ளே வைத்தாள். நான் இருமுறை வெளியே வைத்தேன். சுபா சிரித்துச் சிரித்துப் புரையேறி, இதைத் தொலைபேசியில் யாரிடமோ வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

மே 12, திங்கட்கிழமை. மெல்க்

குன்றின்மேல் மஞ்சள் வண்ணத்தில் ஒரு மடம். அதன் நூலகத்தில் தரை முதல் கூரை வரை தோலட்டைப் புத்தகங்கள். தொடக் கூடாதாம். புத்தகத்தைத் தொடாமல் பார்ப்பதற்கு அவ்வளவு தூரம் ஏறுவானேன்?

மடத்தின் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது சுபா, "அத்தை, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாள்.

"இந்த மடத்துச் சாமியாருங்க எந்தச் சபை தெரியுமா? பெனடிக்ட் சபை" என்றேன்.

"தெரியும் அத்தை. நான் சொல்ல வந்தது…"

"நடுவுல ஒரு தடவ மடமே எரிஞ்சுபோச்சாம். திரும்பக் கட்டியிருக்காங்க. அந்தக் காலத்துல எப்படி இவ்வளவு கல்லு ஏத்துனாங்களோ!"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். திரும்பும் வழியில் ஆப்ரிகாட் பழத்தோட்டங்களைப் பார்த்தபடியே வந்தோம். கப்பலுக்குள் நுழையும்போது, "வியன்னாவுல ஒரு ஃப்ரெண்ட் நம்மகூட வருவாங்க. ஊரச் சுத்திக் காட்டுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

"ஆம்பளையா பொம்பளையா?"

"ஆம்பளதான். பூபதின்னு பேரு. தாராபுரம்."

"சரி."

அறைக்குப் போய் நாட்குறிப்பை எடுத்தேன்.

எந்த இலக்கண நூலும் அகராதியும் விடை தராத கேள்வி ஒன்றை இங்கே குறித்து வைக்கிறேன். மகன் இருந்தவரை அவள் எனக்கு மருமகள். மகன் மறைந்த பின்னும் மருமகள். அவள் இன்னொரு வீட்டுக்கு மருமகளாகிவிட்டால், எனக்கு அவள் யார்? பெரியப்பா மகன் மனைவியின் தம்பிக்குக்கூட முறை வைத்து அழைக்கிற ஊர் எங்களுடையது. இதற்கு மட்டும் ஒரு முறை வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இரவு உணவில் உருளைக்கிழங்கு. நேற்றும் உருளைக்கிழங்கு.

மே 13, செவ்வாய்க்கிழமை. வியன்னா

கப்பல் கரையோரம் நின்றதும் படித்துறையில் அந்தத் தம்பி காத்திருந்தார். ஒல்லி. உயரம் தேவைக்கு மேல். லிஃப்ட் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலையாம். "வாங்கம்மா, பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?" என்று கேட்டார். தமிழை எட்டு ஆண்டுகள் வெளிநாட்டில் வைத்திருந்தும் 'ங்க'வைத் தொலைக்கவில்லை. ஆனால் பேச்சு ஏராளம். இவ்வளவு பணிவு காட்டுகிறவர்களை நான் உடனே நம்புவதில்லை.

புனித ஸ்டீபன் பேராலயத்தின் கூரையில் வண்ண ஓடுகளைப் பாய் முடைந்தாற்போலப் பதித்திருக்கிறார்கள். உள்ளே பிரசங்க மேடையின் கைப்பிடிச் சுவரில் தவளையும் பல்லியும் கல்லில் ஊர்ந்து ஏறுகின்றன. மேடைக்குக் கீழே ஒரு சிறு சன்னல். அதைத் திறந்து ஒரு மனிதர் வெளியே எட்டிப் பார்ப்பதாகச் சிற்பம். செதுக்கிய சிற்பி தன்னையே அங்கே வைத்துக்கொண்டார் என்று சொல்கிறார்களாம். தன் வேலையைத் தானே நின்று மேற்பார்வையிடும் அந்த முகம் எனக்கு மிகவும் பிடித்தது.

"இது எந்த நூற்றாண்டு, தம்பி?" என்று கேட்டேன். விடை எனக்குத் தெரியும்.

"தெரியலீங்களேம்மா. பார்த்துச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம். சுமார் ஐந்நூறு வருசம்."

"அப்படீங்களா! நான் இத்தன வருசமா இந்தக் கோயிலுக்கு முன்னாடிதானுங்க மெட்ரோ ரயில் புடிக்கப் போறேன். இன்னைக்குத்தான் உள்ள வர்றேன்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அது ஒரு நற்குணம். ஆனால் ஒரே ஒரு நற்குணம்.

சுபா அவர் பக்கத்தில் நடக்கும்போது கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள். கதிரேசனோடு நடக்கும்போதும் அப்படித்தான் செய்வாள்.

கால் வலி. கல் பாவிய தெருக்கள்.

மே 14, புதன்கிழமை. வியன்னா

இன்று நடந்ததை ஒழுங்காக, நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் எங்கள் கப்பல் கரையை ஒட்டியே நின்றது. மாலை ஆறு மணிக்கு அது புடாபெஸ்டுக்குப் புறப்படும் என்று அறிவித்திருந்தார்கள். பூபதி தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அரண்மனையை வெளியிலிருந்தும், குதிரை வண்டிகளை வெகு அருகிலிருந்தும் பார்த்தோம். பிற்பகலில் ஒரு பழைய காபி விடுதியில் அமர்ந்தோம். காபியைச் சிறு தட்டில் வைத்து, கூடவே ஒரு தம்ளர் தண்ணீரும் தருகிறார்கள். இந்த ஊர் மனிதர்கள் மீது அப்போதுதான் எனக்கு முழு மரியாதை பிறந்தது.

தம்பி ஏதோ ஒரு கதை சொன்னார். லிஃப்டில் ஒரு நாய் மட்டும் தனியாக ஏறி எந்த மாடியில் இறங்குவது என்று தெரியாமல் மேலும் கீழும் போய் வந்த கதை. சுபா வாய்விட்டுச் சிரித்தாள். மேசையைத் தட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டது கோவில்பட்டி வீட்டின் அடுக்களையில்.

நான் எழுந்துகொண்டேன். "வெயிலா இருக்கு. நான் கப்பலுக்குப் போறேன்" என்றேன்.

"நாங்களும் வர்றோம் அத்தை."

"எதுக்கு? எனக்கு வழி தெரியாதா? நீங்க இருந்து காபியக் குடிச்சிட்டு வாங்க."

தம்பி வாடகைக் கார் பிடித்து, ஓட்டுநரிடம் படித்துறையின் பெயரைச் சொல்லி அனுப்பினார். உண்மையில் வெயில் அவ்வளவாக இல்லை.

படித்துறையில் இறங்கி, கரையை ஒட்டி நின்ற கப்பலில் ஏறினேன். வரவேற்பில் அட்டையைக் காட்டினேன். புன்னகைத்து வழி விட்டார்கள். அதே படிக்கட்டு, அதே சிவப்புக் கம்பளம், அதே 214. அறையைத் துடைப்பதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே சென்றேன். கட்டிலுக்கு மேலே நேற்றுவரை ஒரு கோட்டையின் படம் இருந்தது. இன்று பூக்களின் படம் இருந்தது. ஊருக்கு ஊர் படத்தையும் மாற்றுகிறார்கள், எவ்வளவு கவனமான நிர்வாகம் என்று மனதுக்குள் பாராட்டினேன். சுபாவின் சாவிக்கொத்து மேசைமேல் இல்லை. அது என்னைச் சற்றுத் துணுக்குறச் செய்தது. கையோடு எடுத்துப் போயிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தேன். உறங்கிவிட்டேன்.

நாங்கள் ஊருக்குள் சென்றிருந்தபோது எங்கள் கப்பலைக் கரையிலிருந்து நகர்த்தி, அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலை இடையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? ஆற்றுக் கப்பல்களை இங்கே இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுவார்களாம். முதல் கப்பலுக்குள் நுழைந்து, அதன் கூடத்தைக் கடந்து, மறுபக்கம் வழியாக இரண்டாம் கப்பலுக்குள் போக வேண்டும். நான் படுத்திருந்தது முதல் கப்பலில். அது நாளை பாசாவுக்கு, எதிர்த்திசையில் போகிற கப்பல். இரண்டும் அச்சடித்தாற்போல ஒன்றே. பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் இதைச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த நான் சொல்கிறேன், சொல்லவில்லை.

கதவு தட்டும் ஓசையில் விழித்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வாசலில் பூபதி தம்பி, மூச்சு வாங்க நின்றார்.

"அம்மா! எந்திரிங்க. இது நம்ம கப்பல் இல்லீங்க!"

"என்ன தம்பி சொல்றீங்க?"

"நம்ம கப்பல் அந்தப் பக்கம் நிக்குதுங்க. பொறப்படப் போவுது. சுபா அங்க கேப்டன்கிட்டச் சண்ட போட்டு நிறுத்தி வச்சிருக்காங்க. வாங்க, வாங்க!"

வாருங்கள் என்று கையை வீசி அழைக்கிறாரே தவிர, உள்ளே வரவில்லை. ஏன் என்று பார்த்தால், குனிந்து தம் காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு காலணி ஏற்கெனவே என் செருப்புக்குப் பக்கத்தில் இருந்தது.

"என்ன செய்றீங்க?"

"உள்ள வந்து உங்க பையை எடுத்துக்கலாமுன்னுதானுங்க…"

"கப்பல் போகப் போகுதுங்கிறீங்க. இப்பவா ஷூவைக் கழட்டுறது!"

"பழக்கமுங்கம்மா. உள்ள வரணும்னா கை தானாப் போயிடுதுங்க" என்றபடி இரண்டாவதையும் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பையை எடுத்தார்.

வெளியே கப்பலின் ஊதல் ஒலித்தது. நான் எழுந்து நடந்தேன். நடந்தேன் என்று மரியாதைக்கு எழுதுகிறேன், ஓடினேன். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பளத்தின் மீது வெறுங்காலோடு, படியேறி, கூடத்துக்குள் ஓடினேன். அங்கே வெள்ளைக்காரப் பயணிகள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டத்தினூடே, "நான் இங்க இருக்கேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது: "செருப்ப வச்சுத்தானுங்க! நீங்களும் அந்த இல்டிகோவும் போட்ட சண்டையச் சுபா போன்ல சொன்னாங்க. நம்ம கப்பல்ல இல்லீன்னதும், இந்தக் கப்பல்ல ஒவ்வொரு தளமாப் போய் எந்த ரூமு வாசல்ல செருப்பு கெடக்குதுன்னு பார்த்தனுங்க. ஒரே ஒரு ரூமுதான்!"

திரும்பிப் பார்த்தேன். ஒரு தோளில் என் பை. இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்தபடி என் செருப்பு. என் பழைய, வார் தேய்ந்த, கோவில்பட்டி பேருந்து நிலையத்துப் பக்கம் வாங்கிய செருப்பு. அவர் காலில் காலுறை மட்டும். தம் காலணியை அங்கேயே விட்டுவிட்டு என் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்.

எனக்குப் பதறிவிட்டது. அத்தனை பேர் முன்னிலையில் கூடத்தின் நடுவே நின்றுவிட்டேன்.

"ஐயையோ, மாப்பிள்ள! ஒங்க கையில அதையா எடுக்கிறது? கீழ போடுங்க மாப்பிள்ள!"

சொல் வெளியே வந்துவிட்டது. ஒருமுறையன்று, இருமுறை.

இரண்டு கப்பல்களுக்கும் இடையிலான பாலத்தில் சுபா நின்றிருந்தாள். கேட்டுவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. தம்பி செருப்பைக் கீழே போடவில்லை. மெதுவாகக் குனிந்து என் கால்களுக்கு அருகே, நுனி முன்னோக்கி இருக்கும்படி வைத்தார்.

"போட்டுக்கங்க. தரை வழுக்குமுங்க" என்றார்.

எங்கள் கப்பலின் மாலுமி ஒருவர் கையைத் தட்டி அவசரப்படுத்தினார். தம்பி என் பையைச் சுபாவிடம் கொடுத்துவிட்டுக் கரைக்கு இறங்கினார். நான் பாலத்தைக் கடந்ததும் கயிற்றை அவிழ்த்தார்கள்.

மேல்தளத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றோம். படித்துறையில் அவர் காலுறையோடு நின்று கையசைத்தார். சுபாவும் அசைத்தாள். கப்பல் வளைந்து திரும்பும் வரை இருவரும் நிறுத்தவில்லை.

"அத்தை."

"என்ன?"

"அங்க வச்சு என்ன சொல்லிக் கூப்பிட்டீங்க?"

"கேட்டுச்சுல்ல? பெறகென்ன?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவுக அம்மா எழுதுன காயிதம் ஒரு மாசமா என் பெட்டியில இருக்கு."

அவள் என்னையே பார்த்தாள். "ஒரு மாசமா! அப்ப மெல்க்ல நான் வாயத் தொறக்கும்போதெல்லாம் பெனடிக்ட் சபை, பெனடிக்ட் சபைன்னீங்களே!"

"சரித்திரம் தெரிஞ்சுக்கிடணும்ல தாயி."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். நடுவிலேயே அழுகையாக மாறிவிட்டது. அழட்டும் என்று விட்டேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"அவர் மாப்பிள்ளைன்னா… நான் யாரு அத்தை ஒங்களுக்கு?"

இரண்டு நாளாக எந்த அகராதியிலும் கிடைக்காத விடை, அவள் கேட்டதும் நாக்கு நுனியிலேயே இருந்தது.

"மாப்பிள்ள எப்படி வருவாரு? பொண்ணு இருந்தாத்தான வருவாரு. கேள்வியப் பாரு."

"அப்ப அம்மான்னு கூப்பிடவா?"

"வேண்டாம். அத்தைன்னே கூப்பிடு. பத்து வருசமாப் பழகுன காது."

அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். சாவிக்கொத்து அவள் பைக்குள்ளிருந்து என் விலாவில் குத்தியது. நான் நகரவில்லை.

பின்னர் அவரைத் தொலைபேசியில் அழைத்துத் திட்டினேன்: "ஷூவை எடுத்துக்கிட்டுக் கரைக்கு வரக் கூடாதா?"

"எடுக்கப் போனா நீங்க போற வரைக்கும் கை காட்ட முடியாதுங்களே. இப்பப் போய் வாங்கியாந்துட்டனுங்க. அந்தக் கப்பல்ல யாரோ அத ரூமுக்குள்ள எடுத்து வச்சிருந்தாங்க!"

இன்றிரவு கட்டிலுக்கு மேலே கோட்டையின் படம். வாசலில் செருப்பு. வெளியே எட்டிப் பார்த்தேன். இல்டிகோ அதை உள்ளே கொண்டுவரவில்லை. அடியில் ஒரு சிறு வெள்ளைத் துண்டை விரித்து, அதன்மேல் ஒழுங்காக வைத்திருக்கிறாள். வென்றது நானா அவளா என்று தெரியவில்லை. நெஞ்சில் ஒரு மாதமாக இருந்த கனம் இல்லை. நன்றாகப் பசிக்கிறது.

மே 15, வியாழக்கிழமை. புடாபெஸ்ட்

அழகான ஊர். இன்றைக்கு உருளைக்கிழங்குகூடச் சுவையாக இருந்தது.

*

சகோதரி அவர்களே, நாட்குறிப்பு இத்துடன் போதும். தங்கள் கடிதத்துக்கு என் விடைகள் இவை.

மறுப்பு ஏதும் எனக்கு இல்லை. தங்கள் மகன் அதிகம் பேசுகிறார் என்று எழுதியதை மட்டும் திரும்பப் பெறவில்லை, அது உண்மை. மற்றவை அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன்.

பெண்ணை எந்த வாசலில் வந்து கேட்பது என்று கேட்டிருந்தீர்கள். கோவில்பட்டியில் என் வீட்டு வாசலில் கேளுங்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ போதும், வேறெதுவும் வேண்டாம். ஆடி பிறக்கும் முன் வந்தால் நல்லது. சுபா விடுப்பில் வந்திருப்பாள். தன் சாவியால் அவளே கதவைத் திறந்து தங்களை வரவேற்பாள். பெண்ணின் தாயாக நான் உள்ளே காத்திருப்பேன்.

காலணிகளை வாசலிலேயே விடலாம். எங்கள் வீட்டில் யாரும் எடுத்து உள்ளே வைக்க மாட்டார்கள்.

எந்த நாளில் வருகிறீர்கள் என்று உடனே பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வி. சண்முகத்தாய்